வீட்டுக்கும் காற்றாலைக்கும் எவ்வளவு தூரம்?

சகோதரிகளே, மின்விளக்குக்குக் கீழே விசிறி சுழலும் அறையில் நீங்கள் இருந்திருப்பீர்கள். சுவர் முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும். சற்று நேரத்திலேயே தலை கனத்து, எழுந்து போய் விளக்கையோ விசிறியையோ நிறுத்திவிடுவீர்கள். நிறுத்துகின்ற ஆளி உங்கள் கையில் இல்லாவிட்டால்?

காற்றாலைக்கு அருகில் குடியிருப்பவர்களின் பிரச்சினை இதுதான். அஸருக்குப் பிந்திய சாய்ந்த வெயிலில், வானுயரச் சுழலும் இறக்கைகளின் நிழல் வயலைத் தாண்டி யன்னல் வழியே வீட்டுக்குள் விழும். இரவில் நிழல் போய் ஓசை வரும். பகலின் சந்தடியில் காதில் விழாத அந்த 'ஹுஷ், ஹுஷ்' சத்தம், ஊர் அடங்கிய பின் தெளிவாகக் கேட்கும். கைக்குழந்தையை உறங்க வைக்கப் பாடுபட்ட எந்தத் தாய்க்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் பல நாடுகள் இதற்குச் சட்டம் வைத்திருக்கின்றன. பிரான்ஸில் வீடுகளிலிருந்து 500 மீற்றருக்குக் கிட்டக் காற்றாலை அமைக்க முடியாது. டென்மார்க்கில் மீற்றர்க் கணக்கில்லை. காற்றாலையின் மொத்த உயரத்தைப்போல் நான்கு மடங்கு தள்ளியிருக்க வேண்டும். மொத்த உயரம் என்றால் கோபுரம் மட்டுமல்ல, இறக்கையின் உச்சி நுனிவரை. 150 மீற்றர் உயரமானால் 600 மீற்றர் தூரம். ஜேர்மனியில் நிழலுக்கும் அளவுண்டு: ஒரு வீட்டின்மீது நாளொன்றுக்கு 30 நிமிடம், ஆண்டுக்கு 30 மணித்தியாலம். அதைத் தாண்டுமானால், அந்நேரத்தில் காற்றாலை தானாக நிற்கும்படி செய்ய வேண்டும்.

தூரம் கூடக் கூட நல்லதுதானே என்பீர்கள். போலந்தைப் பாருங்கள். 2016 இல் அங்கே பத்து மடங்கு உயரம் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். 150 மீற்றர் காற்றாலைக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்! வீடுகள் சிதறிக் கிடக்கும் நாட்டில் அப்படி வெறும் நிலம் எங்கே கிடைக்கும்? புதிய திட்டங்கள் ஏறக்குறைய நின்றே போயின. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நாடு அது. அந்தப் புகையும் யாரோ ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகிறது. 2023 இல் தூரத்தை 700 மீற்றர் ஆக்கினார்கள். 2025 இல் 500 ஆக்கும் சட்டமூலத்தை ஜனாதிபதி தடுத்துவிட்டார். ஜேர்மனியின் பவேரியா மாநிலமும் 2014 இல் இதே பத்து மடங்கு விதியைப் போட்டு, 2022 இல் தளர்த்தியது.

என் மனதுக்குப் பிடித்தது டென்மார்க்கின் இன்னொரு விதி. 2009 முதல், காற்றாலையால் அயல்வீட்டின் பெறுமதி குறைந்தால் அதைக் கட்டுபவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். மின்சாரம் ஊருக்கெல்லாம் போக, தூக்கம் கெடுவது ஒரு வீட்டுக்கு என்றால், அதற்கொரு விலை வேண்டாமா?

இது தூரதேசத்துக் கதையென்று விட்டுவிடாதீர்கள். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளுடன் 'தம்பபவனி' 2020 இல் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025 இல் அங்குள்ள மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நாளை உங்கள் ஊரில் யாரேனும் நிலம் அளக்க வந்தால், ஆண்கள் பேசட்டும் என்று உள்ளே போய்விடாதீர்கள். இறக்கை நுனிவரை எவ்வளவு உயரம், என் வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை மீற்றர், இரவில் எத்தனை டெசிபெல், சத்தம் கூடினால் யாரிடம் முறையிடுவது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.