படகின் விசிறியும் கமத்தின் பம்பியும்

கடலிற் படகோட்டும் மீனவரும், மலைநாட்டிற் போஞ்சியும் கத்தரியும் பயிரிடும் கமக்காரரும் ஒரே எண்ணெய்க்கு விலை கொடுப்பவராவர். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. கரையோர மீனவரும், எஞ்சின் வைத்து நீரிறைக்கும் கமக்காரரும் ஒருங்கே இடர்ப்பட்டனர். விலையை நிர்ணயித்தல் கமக்காரர் கையில் இல்லை. ஆயினும், எரியும் எண்ணெய் வேலையாக மாறுகின்றதா, வீணே கழிகின்றதா என்று கண்டறிதல் அவர் கையிலேயே உளது. இவ்விடயத்தில் மீனவர் கைக்கொள்ளும் முறைகள் அக்குறணைப் பகுதிக் கமக்காரருக்கும் பெரிதும் பயன்படும்.

இரண்டும் ஒரே இனம்

படகின் பின்புறத்திற் பூட்டப்படும் வெளியிணைப்பு மோட்டர் ஒரு விசிறியைச் சுழற்றுகின்றது. விசிறி நீரைப் பின்னே தள்ள, படகு முன்னே செல்கின்றது. பம்பியினுள் இருக்கும் சுழற்சில்லும் நீரையே தள்ளுகின்றது. பம்பி தரையில் நிலையாக நிற்பதால் நீர் குழாய்வழியே ஏறுகின்றது. வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்தில், 1960களின் தொடக்கத்தில், நெற்செய்கையாளர் படகு மோட்டரின் விசிறியைத் தகரக் குழாயினுள் அடக்கி, வாய்க்கால் நீரை வயலுக்கு இறைத்தனர். நீர் சிறிதளவே உயரவேண்டிய சமநிலத்திற்கு அம்முறை பொருந்திற்று. மலைச்சரிவில் நீரை மேலேற்றுதற்கு மிகுந்த அழுத்தம் வேண்டுமாதலின், மையநீக்கப் பம்பியே ஏற்றது.

மீனவர் கவனிப்பவை

திருகாணி ஒரு சுற்றில் மரத்தினுள் இறங்குவதுபோல, விசிறியும் ஒரு சுற்றில் நீரில் முன்னேற வேண்டிய தூரம் ஒன்று உண்டு. அது புரியிடைத்தூரம் எனப்படும். இத்தூரம் படகின் சுமைக்கு மிஞ்சியதாயின் எஞ்சின் உரிய சுற்று வேகத்தை எட்டாது திணறும். புகையும் கரியும் மிகும். குறைந்ததாயின் எஞ்சின் அளவுக்கு மேற் சுழன்று தேயும். புரியிடைத்தூரத்தை 1 அங்குலம் குறைத்தால் எஞ்சினின் வேகம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வரை கூடும். ஆதலால் வழக்கமான சுமையுடன் ஓட்டிப் பார்த்தே விசிறியைத் தெரிதல் வேண்டும்.

விசிறி மிக மேலே நின்றால் காற்றை இழுத்து வீணே சுழலும். இதழ் மடிந்தாலும், படகின் அடியிற் பாசியும் சிப்பியும் படிந்தாலும் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடிப் படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டது. வேகத்தைக் குறைத்தலே அதில் வலியுறுத்தப்பட்ட முக்கிய வழி. விசிறியின் சுற்று வேகத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால், அதற்கு வேண்டிய வலு ஏறக்குறைய 27 வீதம் குறையும்.

கமத்திற்குப் பொருந்துவது எது?

வேகத்தைக் குறைக்கும் உபாயத்தைக் கமக்காரர் அப்படியே பின்பற்றலாகாது. படகு மெல்லச் சென்றாலும் கரை சேரும். பம்பி மெல்லச் சுழன்றால் நீர் மேடேறாது நின்றுவிடக்கூடும். சுற்று வேகம் பத்திலொரு பங்கு குறையின், பம்பி நீரை ஏற்றக்கூடிய உயரம் 19 வீதம் குறையும். ஆகவே மலைச்சரிவிற் செய்கை பண்ணுவோர், நீர் செல்லும் வழியிலுள்ள தடைகளை நீக்குவதிலேயே முதற்கண் கருத்தைச் செலுத்துதல் வேண்டும்.

1. கண்டிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றழுத்தம் கரையோரத்திலும் குறைவு. ஆதலால் நீர்மட்டத்திலிருந்து பம்பி 15 அடிக்கு மேற்படாத உயரத்தில் இருத்தல் நலம். பெருமழையிற் பிங்கா ஓயா விரைவிற் பெருகுமாதலால், இறைப்பு முடிந்ததும் பம்பியை மேட்டுநிலத்திற்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

2. உறிஞ்சு குழாயின் வாய் நீரினுள் 1 அடிக்குக் குறையாது அமிழ்ந்திருத்தல் வேண்டும். நீர் சுழித்து உள்ளிறங்கக் கண்டால் காற்றுப் புகுகின்றது என அறிக. மூட்டுகளிலும் காற்றுப் புகாவண்ணம் இறுக்குதல் அவசியம்.

3. அடிவால்வின் வலையில் இலைகுழையும் பொலித்தீனும் அடைத்திருப்பின், ஒவ்வோர் இறைப்பிற்கு முன்னும் அகற்றுதல் வேண்டும்.

4. 3 அங்குலக் குழாய்க்குப் பதிலாக 2 அங்குலக் குழாய் இட்டு அதே அளவு நீரைச் செலுத்தினால், உராய்வுத் தடை ஏறக்குறைய 7 மடங்காகும். மலிவென வாங்கிய ஒடுங்கிய குழாய் நாள்தோறும் எண்ணெயைக் குடிக்கும்.

5. மணல் கலந்த நீர் சுழற்சில்லைத் தேய்க்கும். ஆண்டுக்கொரு முறையேனும் பம்பியைத் திறந்து பார்த்தல் நன்று.

6. பட்டியால் இயங்கும் பம்பியில், கப்பியின் அளவு படகின் விசிறியளவை ஒத்தது. பம்பித் தகட்டிற் குறித்துள்ள வேகத்திற்கு ஏற்ற கப்பியையே பூட்டுதல் வேண்டும்.

அளந்து அறிதல்

திருத்தம் செய்யுமுன் 200 லீற்றர் பீப்பாயொன்றைக் கமத்தின் மேட்டில் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்க. 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்திற்கு 300 லீற்றர் நீர் கிடைக்கின்றது. சில மாதங்களின் பின் அதே பீப்பாய், அதே இடத்தில், எஞ்சின் அதே வேகத்தில் ஓட, 50 விநாடியில் நிரம்பினால் 240 லீற்றரே கிடைக்கின்றது. மணிக்கு எரியும் எண்ணெய் மாறாதிருப்பின், முன்பு 4 லீற்றர் எண்ணெயால் இறைத்த நீருக்கு இப்போது 5 லீற்றர் வேண்டும். இதனைப் புதிய பம்பி வாங்கித் தீர்க்கவேண்டுமென்பதில்லை. பல வேளைகளில் வலையைத் துப்புரவாக்குவதும் மூட்டை இறுக்குவதுமே போதியனவாகும். ஆகையால் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் இவ்வளவை எடுத்துக் குறிப்பேட்டிற் பதிந்து வருதல் கமக்காரரின் கடமையெனலாம்.