வெல்லமா, வெள்ளைச் சர்க்கரையா? வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்!

தருமபுரி மாவட்டத்துக்குக் கரும்பு புதிதல்ல. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கடத்தூர் பக்கம் போனால், கொப்பரையில் கரும்புப்பால் காயும் வாசனை வரும். ஒரே கரும்புதான் அங்கே சர்க்கரையாகிறது, இங்கே வெல்லமாகிறது.

'வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது' என்று காபியில் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடுகிறோமே, அது சரியா?

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சிறுகுடலில் உள்ள நொதி அதை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. வெல்லத்தில் இரும்புச்சத்து போன்ற தாதுக்கள் கொஞ்சம் உண்டு. ஆனால், ஒன்றிரண்டு ஸ்பூனில் அது பெரிதாகச் சேராது.

பசி அடங்குமா?

குளுக்கோஸ் ரத்தத்தில் கலந்ததும் இன்சுலின் சுரக்கும். 'போதும்' என்று மூளைக்குப் போகும் தகவல்களில் அதுவும் ஒன்று. ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போவதால், இன்சுலினை அந்த அளவுக்குத் தூண்டாது. 2013-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான 20 பேருக்கு இரண்டையும் தனித்தனியே பானமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு நிறைந்த உணர்வைத் தந்தது குளுக்கோஸ்தான்.

மென்றதா, குடித்ததா?

நம் வீடுகளில் முக்கியமான கேள்வி இதுதான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், 15 பேர் தினமும் 450 கலோரி இனிப்பை நான்கு வாரம் மிட்டாயாகவும், நான்கு வாரம் குளிர்பானமாகவும் எடுத்துக்கொண்டார்கள். மிட்டாய் சாப்பிட்டபோது மற்ற உணவு தானாகக் குறைந்தது. குளிர்பானம் குடித்தபோது குறையவில்லை. குடிக்கும் இனிப்பை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை!

மாம்பழ சீசனிலும் இதே கதைதான். ஒரு பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் சேர்ந்து வயிறு நிறையும். ஜூஸாக்கினால் இரண்டு மூன்று பழம் ஒரே மூச்சில் இறங்கிவிடும். மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் அதிகம். குடல் உறிஞ்ச முடியாமல் மீதமாவது பெருங்குடலில் புளித்து, சிலருக்கு வயிற்று உப்புசத்தைத் தரும்.

எவ்வளவு போதும்?

* சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லம், தேன், பழ ஜூஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முழுப்பழம் வராது.
* தாகத்துக்குத் தண்ணீர், மோர். பழத்தை மென்று சாப்பிடுங்கள்.
* சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

வெல்லத்தின் ருசி பிடித்தால் தாராளமாக வெல்லமே போடுங்கள். ஸ்பூன் கணக்கு மட்டும் கூட வேண்டாம்!