கழிமுகம் காத்தவர்க்கு விருது: எந்தக் கணக்கைப் பார்ப்பது?

கோவில்பட்டிக் கடைக்காரருக்கும் கழிமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் அங்கத்தினர்கள் கேட்கலாம். நாம் குடிப்பது சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். அந்த ஆறு புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் அந்தக் கழிமுகத்தில்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தைச் சீர்செய்தவர்களுக்கு விருது கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? பிச்சாவரத்தைச் சொல்லலாம். அங்கே முன்காலத்தில் அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்டு மண் தாழ்ந்தது. உள்ளே வந்த கடல் நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, உப்பேறி, கன்று பிழைக்காமல் போயிற்று. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நீர் வந்து போக வழி செய்த பிறகே கன்று நட்டார்கள். 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

எத்தனை ஆயிரம் கன்று நட்டார்கள் என்பது வெறும் கொள்முதல் கணக்கு. ஐந்து வருஷம் கழித்து எத்தனை நிற்கிறது என்பதே இருப்புக் கணக்கு. விருதுக் குழுவினர் இருப்பைச் சரிபார்க்கட்டும். போட்டோவுக்காக நட்ட கன்றுகளை நாமும் பார்த்திருக்கிறோமே!

தமிழக அரசு அறிவித்த மஞ்சப்பை விருது, பிளாஸ்டிக்கை ஒழித்த வணிக நிறுவனங்களுக்கும் உண்டு; முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். 2019 ஜனவரி 1 முதல் தடையான கேரி பேக், ஓடையில் விழுந்தால் மழை வெள்ளத்தோடு கடல்வாய்க்குத்தான் போகும். நம் பஜாரிலிருந்து ஒரு கடையாவது இந்த விருதுக்கு மனுச் செய்ய வேண்டும்.