நின்றால் தெரியும் குறை

கற்பிட்டியிலிருந்து புறப்பட்ட என் பழைய மொறிஸ் மைனர் பிக்கப், நுரைச்சோலையில் மூன்றாம் முறையாக மூச்சடங்கி நின்றது. பின்னால் தம்பியின் மீன்பெட்டிகள், பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது, புத்தளமோ தொலைவில். ஓடும்போது குறையொன்றும் இல்லை. வேகம் தணித்து நிறுத்தினால் இயந்திரம் நடுநடுங்கி அணைந்துவிடும். பெற்றோலைப் பழித்தேன், கண்ட திருகாணிகளையெல்லாம் திருகினேன், பயனில்லை.

கராஜ்காரரான முதிய நானா திருகாணிகளைத் தொடவில்லை. எஸ். யூ. காபரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்தினார். இயந்திரம் உடனே தளர்ந்தது. “பெற்றோல் காணாது, மாஸ்டர், காத்துத்தான் கூட. எங்கேயோ கள்ளமாப் புகுது” என்றார். காபரேட்டர் பொருந்தும் விளிம்பில் சிறிது எண்ணெய் தடவினார். கணப்பொழுது நடுக்கம் அடங்கிற்று. அவ்விடத்துக் காஸ்கட் முதுமையால் வெடித்திருந்தது.

வேகத்தில் இயந்திரம் இழுக்கும் பெருங்காற்றில் அச்சிறு கசிவு ஒரு பொருட்டன்று. வண்டி நின்று இயந்திரம் மெல்ல ஓடும்போதோ காற்றுவாயில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே இழுவிசை மிகும். அப்போது கசிந்து நுழையும் காற்றே பெரும்பங்காகிக் கலவையை நலிவித்துவிடும்.

மீன் தப்பியது. ஆயினும், புதுக் காஸ்கட் இடுவதற்குக் கால்மணி நேரமே சென்றது. காரணம் அறியுமுன் நான் திருகிவிட்டவற்றைச் சீர்செய்வதற்கே ஒருமணி நேரம் பிடித்தது.