தைலம் அனுப்பினால் பார்சல் ஏன் திரும்பி வருகிறது?

கோத்தகிரிப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் பழகிய குடும்பம் அது. கற்பூரமரத்து இலையை வாங்கிக் காய்ச்சி நீலகிரித் தைலம் எடுப்பது தொழில். வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், அந்த வீட்டம்மா செல்போன் மூலமே ஆர்டர் பிடித்து, பாட்டில் போட்டுக் கூரியரில் அனுப்பத் தொடங்கினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அவரிடமிருந்து போன்.

“சார், டெல்லிக்குப் போட்ட 12 பாட்டிலும் திரும்பி வந்துடுச்சு. ஆபத்தான சரக்குன்னு முத்திரை குத்தியிருக்காங்க. நம்ம கணக்கையும் நிறுத்திட்டாங்க. நான் என்ன வெடிமருந்தா அனுப்பினேன்? இலையில எடுத்த தைலம்தானே சார்!”

நியாயமான கோபம்தான். ஆனால் சரக்கு அனுப்பும் விதி, பொருள் இயற்கையா ரசாயனமா என்று பார்ப்பதில்லை. எவ்வளவு சூட்டில் அதன் ஆவி நெருப்புப் பொறியில் பற்றிக்கொள்ளும் என்றுதான் பார்க்கிறது. 60 டிகிரி செல்சியஸுக்குள் பற்றிக்கொண்டால் அது 3-ம் வகுப்பு, அதாவது எரியும் திரவம். நீலகிரித் தைலத்துக்கு அந்த அளவு ஏறக்குறைய 50 டிகிரி. சித்திரை வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இந்த அளவு 200 டிகிரிக்கு மேல். அதனால்தான் அவை இந்த வகுப்பில் வருவதில்லை.

சிக்கல் விமானத்தில்தான் தொடங்கியது. வாடிக்கையாளர் சீக்கிரம் வேண்டும் என்று கேட்க, இவர் ‘எக்ஸ்பிரஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வெளியூருக்கு எக்ஸ்பிரஸ் என்றால் பெரும்பாலும் விமானம். அதோடு, ‘ஆபத்தான பொருள் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருக்கிறார். விமானத்தில் இத்தகைய சரக்கை ஏற்றத் தனி விதிகள் இருக்கின்றன. உரிய பயிற்சி பெற்றவர் கட்டி, அறிவிப்புப் படிவம் வைத்து அனுப்ப வேண்டும். பத்துப் பாட்டில் விற்பவரால் ஆகிற காரியமா அது?

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குக் கவலை தந்தது. “பக்கத்து ஊர்ல ஒருத்தர் ‘மூலிகைப் பொருள்’னு எழுதி அனுப்பறாராம். நானும் அப்படியே எழுதிடட்டுமா சார்?”

“வேண்டாம்மா” என்றேன். 1996-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கு அறையில் இருந்த ஆக்சிஜன் தயாரிக்கும் பழைய கருவிகள் தீப்பிடித்ததுதான் காரணம். காகிதத்தில் அவற்றைக் ‘காலி’ என்று எழுதியிருந்தார்கள். இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து வழி தேடினோம். தைலத்துக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் வாங்கினார். எம்.எஸ்.டி.எஸ். என்று கேட்டால் கூரியர்காரர்களுக்குப் புரியும். தீப்பற்றும் சூடு அதில் இருக்கும். அதைக் காட்டி, தரைவழியில் எடுப்பீர்களா என்று நான்கு கூரியர்களிடம் கேட்டார். மூன்று பேர் முடியாது என்றார்கள், ஒருவர் சம்மதித்தார். சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொன்னேன். வாய்ச்சொல் கிடங்கு வாசலில் செல்லாது. தபாலில் போடும் யோசனையை அப்போதே கைவிட்டோம், அங்கே இது தடை.

கட்டும் முறையையும் மாற்றினார். சில பிளாஸ்டிக்குகளைத் தைலம் தின்றுவிடும் என்பதால் அலுமினிய பாட்டில். சூட்டில் தைலம் விரியும், எனவே கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டார். பாட்டிலைச் சுற்றி, நர்சரிக்காரர்கள் பயன்படுத்தும் வெர்மிகுலைட். கசிந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும், தானும் எரியாது.

தைலம் மட்டும்தான் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கொப்பரையும் மரக்கரியும் தானாகவே சூடேறக்கூடிய 4.2 வகுப்பில் இருக்கின்றன. சரியாகக் காயாத கொப்பரை மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கற்பூரம் எரியும் திடப்பொருள். பேட்டரி ஸ்பிரேயரில் லித்தியம் பேட்டரி இருந்தால் அதற்கு 9-ம் வகுப்பு. பூச்சிமருந்தோ, உரிமம் இல்லாமல் விற்கவே கூடாது, பார்சல் பேச்சு அப்புறம். பஞ்சகவ்யா தீப்பிடிக்காது, ஆனால் நொதித்து முடியாததை இறுக மூடி அனுப்பினால் பாட்டில் உப்பி வெடிக்கும்.

அந்த அம்மாவின் கணக்கு, விளக்கக் கடிதம் கொடுத்த பிறகு திறந்துவிட்டார்கள். டெல்லிக்கு இப்போது எட்டு நாள் ஆகிறது. ஆர்டர் எடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறார். இரண்டு வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பும் பொருள் எந்த வகுப்பில் வரும் என்ற சந்தேகம் இருந்தால், அது எதிலிருந்து, எப்படித் தயாரானது என்பதையும் சேர்த்துக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.