பனி பெய்தால் பணம் போகுமா?

2010 டிசெம்பரில், நத்தார் நெருங்கிய வேளையில், கடும்பனியால் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் முடங்கியது. பிரயாணிகள் பலர் அங்கேயே தரையில் உறங்கினர். இயற்கையின் செயலுக்கு யார் பொறுப்பு என்று விமானக் கம்பனிகள் கையை விரிப்பதை நாம் அறிவோம். அது பாதி உண்மையே.

நட்டஈடு வேறு, சீட்டுப் பணம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, கடும் காலநிலையால் விமானம் ரத்தானால் 250 முதல் 600 யூரோ வரையான நட்டஈட்டை நாம் கோர இயலாது. ஆயினும் சீட்டுப் பணத்தை ஏழு நாட்களுக்குள் மீளப் பெறுவதா, மாற்று விமானத்தில் செல்வதா என்று தீர்மானிக்கும் உரிமை நமதே. பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருவதாயின் நமது கையொப்பமிட்ட சம்மதம் வேண்டும். (அவசரத்தில் கையொப்பமிடுவோரே அதிகம்!) மாற்று விமானத்துக்குக் காத்திருப்போருக்கு உணவும், இராத் தங்க நேர்ந்தால் அறையும் அளிப்பது கம்பனியின் கடமை. எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோதும் இக்கடமை நீங்காது என 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பாரிசிலுள்ள உறவினரிடம் போய்வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் விமானம் எக்கம்பனியுடையதாயினும் இவ்விதிக்கு உட்பட்டது. கொழும்பிலிருந்து செல்கையிலோ, விமானத்தைச் செலுத்துவது ஐரோப்பியக் கம்பனியாயின் மட்டுமே இவ்விதி பொருந்தும்.