எழ மறுக்கும் சர்வர்

கண்ணுக்குப் புலப்படாத இயந்திரம் ஒன்று துவங்க மறுக்கிறது என்றால், அதன் அருகே சென்று எதைத் தட்டிப் பார்ப்பது என்று கேட்பது நியாயமே. மெய்நிகர் சர்வர் என்பது அத்தகைய இயந்திரம்தான். பெரிய கணினி ஒன்றின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தன்னையே ஒரு முழுக் கணினியாகப் பாவித்து நடக்கும்படி செய்யும் இந்த உபாயம் புதிதன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் ஆராய்ச்சி நிலையத்தார் 1967-ஆம் ஆண்டிலேயே ஒரே கணினிக்குள் 14 கணினிகள் வரை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். இத்தகைய சர்வருக்கு டிஸ்க் என்று இருப்பதும் பெரும்பாலும் வேறோர் இயந்திரத்திலுள்ள ஒரு பெரிய கோப்போ சேமிப்பகத்தின் ஒரு துண்டோ ஆதலால், அது பழுதுபட்டால் பழுதுபார்ப்பதும் தொலைவிலிருந்தபடியே, கன்சோல் என்னும் திரையின் வாயிலாகவே நடக்க வேண்டியிருக்கிறது.

தரவு மையத்தில் மின்சாரம் அறுந்து, பேட்டரியும் ஜெனரேட்டரும் கைவிட்டு, சில நாழிகை சென்று மின்சாரம் திரும்பியபின், நூற்றுக்கணக்கான சர்வர்களில் பெரும்பாலானவை தாமாகவே எழுந்துவிட, ஏதோ ஒன்றிரண்டு மட்டும் பாதிவழியில் நின்றுவிடுவது சிஸ்டம் அட்மின்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய அவஸ்தை. ‘எழுதியாயிற்று’ என்று கணினி சொல்வதற்கும் உண்மையில் எழுதி முடிப்பதற்கும் இடையே ஓர் அவகாசம் உண்டு. வேகத்தின் பொருட்டு லினக்ஸ், ஒரு கோப்பில் செய்த மாற்றத்தைச் சாதாரணமாக 30 விநாடி வரைகூட நினைவகத்திலேயே வைத்திருந்து, பிறகுதான் டிஸ்குக்கு அனுப்புகிறது. மெய்நிகர் சர்வரிலோ, அதைத் தாங்கும் ஹைப்பர்வைசர் கீழேயும், டிஸ்கின் சொந்தத் தற்காலிக நினைவகம் அதற்கும் கீழேயும் இருந்து, ஒவ்வொன்றும் தனக்கு மேலிருப்பதற்கு ‘ஆயிற்று’ என்று உத்தரவாதம் சொல்லிக்கொண்டிருக்கும். மின்சாரம் போகும் அந்தக் க்ஷணத்தில் இவ்வுத்தரவாதங்களில் எத்தனை பொய்யாகும் என்பது, ஹைப்பர்வைசரை அமைத்தவர் வேகத்தை நாடினாரா, பத்திரத்தை நாடினாரா என்பதைப் பொறுத்தது.

பழைய யூனிக்ஸில் இத்தகைய திடீர் நிறுத்தத்துக்குப் பின் டிஸ்க் முழுவதையும் ஆதியோடந்தமாகச் சோதிப்பதே வழி. டிஸ்க் வளர வளர அந்தச் சோதனையும் மணிக்கணக்காக நீண்டது. ஸ்டீஃபன் ட்வீடி என்பவர் லினக்ஸுக்கென இயற்றி, 2001-ஆம் ஆண்டில் அதன் மையப் பகுதியான கர்னலோடு சேர்க்கப்பட்ட ஈஎக்ஸ்டி3 என்னும் கோப்பமைப்பு, கடைக் கணக்குப்பிள்ளை முதலில் சிட்டாவில் குறித்துப் பின்னர் பேரேட்டில் ஏற்றுவது போல, செய்யப்போகும் மாற்றத்தை ஜர்னல் என்னும் தனியிடத்தில் முன்னதாக எழுதிக்கொள்கிறது. மின்சாரம் போய் வந்தால் அந்த ஜர்னலை மட்டும் புரட்டிப் பார்த்து, முழுமையாகக் குறித்திருப்பதை நிறைவேற்றி, அரைகுறையாக நின்றதைத் தள்ளிவிடுகிறது. ஆனால் சாதாரண அமைப்பில் ஜர்னலில் ஏறுவது கோப்பின் பெயர், இருப்பிடம், அளவு முதலிய விவரங்களே அன்றிக் கோப்பின் உள்ளடக்கம் அன்று என்பதைப் பலர் அறியார். ஆகவேதான், சர்வர் ஒழுங்காக எழுந்த பின்னும், கடைசி நிமிஷத்தில் மாற்றிய கோப்பு ஒன்று பெயர் மட்டும் மிஞ்சி, உள்ளே ஓர் எழுத்துமின்றிக் கிடப்பதைக் காண்கிறோம்.

இவ்வளவும் சொன்னாலும், எழாமல் நிற்கும் சர்வர்கள் பலவற்றின் விஷயத்தில் மின்தடை நிரபராதி என்பதே என் அபிப்பிராயம். வருஷக்கணக்காக நிற்காமல் ஓடிய சர்வரில் எப்போதோ ஒருவர் கூடுதல் டிஸ்க் ஒன்றைக் கழற்றியிருப்பார். துவங்கும்போது எந்தெந்த டிஸ்கைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலிருந்து அதற்குரிய வரியை நீக்க மறந்திருப்பார். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த வரியை யாரும் சீந்துவதில்லை. மறுபடி துவங்குகையிலோ, இல்லாத டிஸ்கை எதிர்பார்த்து 90 விநாடி காத்திருந்து, அதன்பின் ‘எமர்ஜென்சி மோட்’ என்று கறுப்புத் திரையில் அறிவித்து, ரூட் என்னும் தலைமைக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடுகிறது. பாஸ்வேர்டு தெரிந்தவர், படிக்க மட்டுமே திறந்திருக்கும் டிஸ்கை எழுதவும் தக்கதாக மாற்றி, அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு # குறியை இட்டுவிட்டால் காரியம் முடிந்தது. கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வராயின், பாதுகாப்பைக் கருதி ரூட் கணக்கே பூட்டப்பட்டிருப்பதுண்டு. அப்போது, கணக்கு பூட்டியிருக்கிறது, தொடர என்டரை அழுத்துக என்று திரை சொல்லும். அழுத்தினால் மறுபடியும் அதே வாசகம் வரும். அதைவிடப் பொறுமையைச் சோதிக்கும் வாசகம் ஒன்றை நான் படித்ததில்லை.

அந்நிலையில் செய்யத்தக்கது, எழாத சர்வரின் டிஸ்கைக் கழற்றி, நன்றாக ஓடும் மற்றொரு சர்வரில் இரண்டாம் டிஸ்காகச் சேர்த்து, அங்கிருந்து திருத்துவது. இதற்கோர் உதாரணம் உண்டு: 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான புதுப்பிப்பு ஒன்றினால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. அப்புதுப்பிப்பு 78 நிமிஷத்தில் திரும்பப் பெறப்பட்டும், அதற்குள் வீழ்ந்தவற்றில் பெரும்பாலானவை தாமாக எழவில்லை. மேஜைமேல் இருந்த கணினியையாவது ஒருவர் கிட்டே சென்று ‘சேஃப் மோட்’டில் துவக்கலாம், கிளவுடில் இருந்த சர்வர்களையோ இவ்வாறு டிஸ்க் டிஸ்காகக் கழற்றிச் சேர்த்து, குற்றவாளியான ஒரே ஒரு கோப்பை அழித்து மீட்க வேண்டியதாயிற்று.

டிஸ்கில் மெய்யாகவே சேதம் இருக்குமாயின், கைவைக்குமுன் அதன் அந்நேர நிலையின் பிரதியான ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவைப்பது இன்றியமையாதது. எஃப்எஸ்சிகே என்னும் சோதனைக் கருவி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் படிக்காமலே ‘ஆம்’ என்று மொத்தமாகத் தலையசைத்துவிடும் பழக்கம் அவசரக்காரர்களிடம் மிகுதி. கோப்பமைப்பின் முரண்பாடுகளை நீக்குவதுதான் அக்கருவியின் கடமை. அதற்காக நம் கோப்புகளில் சிலவற்றைத் துறக்கவும் அது தயங்காது. பெயரையும் இருந்த இடத்தையும் இழந்தவற்றை ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்னும் அடைவில் வெறும் எண்களாகப் போட்டுவிடும். எது எதுவென்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது மனிதன் தலையில் விழும். ஸ்னாப்ஷாட்டையும் சர்வர் இருக்கும் அதே கட்டடத்தில் வைத்திருப்பவர், 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தழிந்தபோது, காப்புப் பிரதியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்களின் கதியை விசாரித்துக்கொள்வது நல்லது.

சர்வர் எழுந்தபின்னும் அதனுள்ளிருக்கும் டேட்டாபேஸ் உடனே வாய்திறவாது. சென்னை ஐஐடியில் ரசாயனப் பொறியியல் பயின்று, பின்னர் கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகன், தம் சகாக்களுடன் 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் என்னும் முறையைத் தழுவியே டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் போன்ற டேட்டாபேஸ்கள் தம்மை மீட்டுக்கொள்கின்றன. முதலில், மாற்றங்களைக் குறித்துவைத்த பதிவேட்டைப் படித்து, நின்ற இடத்தில் நிலைமை என்ன என்று ஆராய்ந்து, பின்பு நடந்தவை அனைத்தையும் மறுபடி நிகழ்த்தி, கடைசியாக முடிவுபெறாத பரிவர்த்தனைகளை மட்டும் பொறுக்கி ரத்து செய்கின்றன. ரத்து செய்ததையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வது அம்முறையின் நுட்பம். ஆதலால் மீட்பின் நடுவே இன்னொரு தடவை மின்சாரம் போனாலும், ரத்து செய்ததையே மீண்டும் ரத்து செய்ய நேராது. ஆயினும், திரையில் அசைவைக் காணோமே என்று சர்வரை மறுபடி நிறுத்தித் துவக்குபவர், அந்த ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கச் செய்து, தாம் காத்திருக்க வேண்டிய நேரத்தைத் தாமே வளர்த்துக்கொள்கிறார்.